பெயர் கேட்காமல் விழுங்கியது

ஐந்தாம் மாதத்தில்தான் அந்த வாசனை தொடங்கியது. பிரேமலா முதலில் துணி சோப்பைச் சந்தேகப்பட்டாள், பிறகு குளியலறைச் சாக்கடையை, அதற்கும் பிறகு புதிதாக வாங்கிப் போட்ட மெத்தையை. சோப்பை மாற்றி, சாக்கடையில் கொதிநீர் ஊற்றி, மெத்தையை வெயிலில் காயப்போட்ட பிறகும், தினமும் மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவும் நேரத்துக்குச் சொல்லிவைத்தாற்போல அது வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. பச்சைப் புல் வெயிலில் வெந்து, அதன்மேல் யாரோ வாந்தியெடுத்த மாதிரியான நாற்றம். அது என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். செம்பனைத் தோட்டத்து ஆபீசில் ஒன்பது வருடம் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவளுக்குக் களைமருந்தின் வாடையை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் தோட்டம் இருப்பது ஈஜோக் பக்கம். அவள் இருப்பது புக்கிட் பெருந்துங்கில், பெயருக்கு ஒரு மரம்கூட இல்லாத வரிசை வீடுகளின் நடுவில்.

கணவன் சசிகுமார் ரவாங் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்த களைப்போடு, அவளுக்காக மூலைக்கு மூலை மூக்கை நீட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை என்றான். மாசமாக இருந்தால் மூக்கு அப்படித்தான் இருக்கும் லா, என் அம்மாவுக்கு நான் வயிற்றில் இருந்தபோது சோறு கொதிக்கிற வாசனையே ஆகாதாம் என்று சிரித்தான். ஏழு வருடம் கழித்து வந்த பிள்ளை. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் அவனிடம் எதையும் சொல்ல யாருக்கும் மனசு வராது.

அவன் குளிக்கப் போன பிறகு பிரேமலா தன் முழங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். வாசனை அங்கிருந்துதான் வந்தது. தோலிலிருந்து.

அந்தப் பிள்ளை எப்படி வந்தது என்பதைத் தெருவில் சொல்ல முடியாது. மாமியார் சின்னத்தாய் இன்னமும் தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருந்தாள். மருந்து மாத்திரை, கோயில், விரதம், ஊசி என்று எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகளைத் தலைக்குக் குளிக்கச் சொல்லி, வெறும் வயிற்றோடு அடுப்படியில் கிழக்கே பார்த்து உட்கார வைத்தாள். தட்டில் ஒரு சின்ன வாழைப்பழம். அதன் நடுவே கீறி, உள்ளே எதையோ வைத்து மூடியிருந்தது. பிறந்த குழந்தையின் உதிர்ந்த தொப்புள்கொடி. காலம் காலமாகப் பிள்ளையில்லாத பெண்கள் செய்வதுதான் என்றாள் சின்னத்தாய். பல் படக்கூடாது, மெல்லக்கூடாது, யாருடைய பிள்ளையின் கொடி என்று பெயர் கேட்கவே கூடாது, கேட்டால் தங்காது. ஐந்தாம் பாரம் வரை படித்து, கம்ப்யூட்டரில் வேலை பார்த்த பிரேமலாவுக்கு வாய்வரை சிரிப்பு வந்தது. ஆனால் ஏழு வருடம் என்பது படிப்பையெல்லாம் தின்றுவிடக்கூடிய காலம். கண்ணை மூடி விழுங்கினாள். காய்ந்த சுக்குத்துண்டு போல ஏதோ ஒன்று தொண்டையில் ஒரு கணம் நின்று, பிறகு தானாகவே வழி தெரிந்தது மாதிரி இறங்கியது. அவள் பெயர் கேட்கவில்லை. அடுத்த மாதமே நாள் தள்ளிப்போனது.

வாசனை தொடங்கிய இரண்டாவது வாரம் ஸ்கேன் எடுக்க ரவாங் போனார்கள். டாக்டரம்மா நன்றாகப் பேசுகிறவர். வந்ததும் என்ன பெயர் யோசித்திருக்கிறீர்கள் என்று சசிகுமாரைக் கேலி செய்துகொண்டே ஆரம்பித்தவர், பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். வயிற்றின் மேல் குளிர்ந்த களிம்பில் அந்தக் கருவி ஒரே இடத்தில் போய்ப் போய் வந்தது. பிறகு அவர் ஒரு காகிதத்தை எடுத்து மூன்று வட்டங்கள் போட்டுக் காட்டினார். தொப்புள்கொடிக்குள் மூன்று குழாய் இருக்க வேண்டும், குழந்தைக்கு இரத்தத்தைக் கொண்டுவருவது ஒன்று, திருப்பிக் கொண்டுபோவது இரண்டு. உங்கள் குழந்தைக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய் ஒன்றுதான் இருக்கிறது, ஆக மொத்தம் இரண்டு என்றார். அது மட்டும் என்றால் பெரும்பாலும் பயமில்லை, நிறையக் குழந்தைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். சில குழந்தைகளுக்கு மட்டும் கூடவே சிறுநீரகத்திலோ இதயத்திலோ குறை வரும். அதனால்தான் தேடிப் பார்த்தேன். இடது பக்கச் சிறுநீரகம் தெரியவில்லை. இதயத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை.

சசிகுமாரின் கை அவள் கைக்குள் ஈரமானது. பிரேமலாதான் எதனால் என்று கேட்டாள்.

"இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. நீங்க பண்ண தப்புன்னு ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டரம்மா.

அது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. பிரேமலா காகிதத்தில் இருந்த வட்டங்களைத் திரும்ப எண்ணினாள். இரண்டு குழாய், இடது சிறுநீரகம், இதயத்தில் ஓட்டை என்ற இந்த மூன்றையும் இதே வரிசையில் அவள் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறாள்.

கேட்டது தோட்டத்து ஆபீஸ் கவுண்டரில். சொன்னவள் திலகா. களைமருந்து அடிக்கும் கும்பலில் இருந்தவள். முதுகில் மருந்துப் பம்பைக் கட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்குச் செம்பனை வரிசைக்குள் நுழைந்தால் மதியம்தான் வெளியே வருவாள். ஜெராம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண். நான்காம் மாதத்தில் கிளினிக்கில் ஒரு கடிதம் வாங்கி வந்து கவுண்டரில் நீட்டினாள். இவருக்கு மருந்தடிக்கும் வேலை வேண்டாம், வேறு வேலை கொடுக்கவும் என்று இரண்டே வரி. அதை மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைக்க வேண்டியது கிராணியின் வேலை. பத்து அடி தூரம்.

அன்று காலைதான் பிரேமலாவுக்கு மாதவிலக்கு வந்திருந்தது. எட்டு நாள் தள்ளிப்போய், யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே கோட்டை கட்டி, ஆபீஸ் கழிவறையில் அது இடிந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் திலகா வந்து நின்றாள், ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு. அந்தக் கையைப் பார்த்ததும் பிரேமலாவுக்கு வயிறு எரிந்தது. உண்மை அதுதான், வேறு காரணம் கிடையாது. கடிதத்தை டிராயருக்குள் போட்டாள். நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். நாளைக்கும் எரிந்தது. அந்தக் கும்பலுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் தனபாலன் ஒரு முறை வந்து, திலகாவை வேறு வேலைக்கு மாற்றச் சொல்லி ஏதாவது வந்ததா என்று கேட்டபோது, இல்லையே என்றாள். திலகா மூன்று முறை வந்து கேட்டபோது, மேனேஜர் மேசையில் இருக்கிறது என்றாள். ஏழாம் மாதம் வரை திலகா மருந்தடித்தாள். பையன் பிறந்து பதினொரு நாள் இருந்தான்.

மருந்துதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. காரியம் முடிந்து சம்பளக் கணக்குப் பார்க்க வந்த திலகா, டாக்டர் சொன்னதைக் கவுண்டரில் அப்படியே ஒப்பித்துவிட்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பிரேமலாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதம் பிரேமலா வேலையை விட்டுவிட்டுப் புருஷனோடு புக்கிட் பெருந்துங்குக்குக் குடிவந்தாள். இரண்டு வருடம் ஆகிறது.

ஸ்கேன் முடிந்து வந்த மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. அந்தச் சந்தில் மூன்றுக்கு ஒரு வீடு பூட்டித்தான் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று யாருக்கும் தெரியாது. கேட் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு, முன்வாசலில் இடுப்பளவுக்குப் புல் வளர்ந்து, கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகக் குருவிகள் போய் வந்துகொண்டிருந்தன. மதியம் மூன்று மணிக்கு, சந்தே உறங்குகிற நேரத்தில், தொட்டால் சுடுகிற சிமெண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்தில், இரும்பு இரும்போடு உரசுகிற ஒரு சின்னச் சத்தம் மேலும் கீழுமாகப் போய் வந்தது. பிறகு நீளமாக ஒரு சீறல். மறுபடி மேலும் கீழும். மறுபடி சீறல். நடந்துகொண்டே மருந்தடிப்பவர்களின் தாளம் அது. நான்கு எட்டு நடந்தால் ஒரு சீறல்.

அவள் வாசலுக்கு வந்து நின்றால் சத்தம் நின்றுவிடும். உள்ளே போனால் தொடங்கும்.

நான்காம் நாள் நாற்காலி போட்டு ஏறிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பின்கட்டில், பச்சைப்பசேல் என்று நின்ற புல்லின் நடுவே, இரண்டு முழ அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் மஞ்சளாகக் கருகிக் கிடந்தது. கோடு போட்டது போல நேராக இருந்தது. மறுநாள் பார்த்தாள். பட்டை அவள் சுவர் பக்கமாக ஓர் எட்டு நீண்டிருந்தது. பத்தாம் நாள் சுவரைத் தொட்டது. அதற்கடுத்த நாள் சுவருக்கு இந்தப் பக்கம், தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடி வாடித் தொங்கியது. வெயில் இந்த வருஷம் அப்படி லா என்றான் சசிகுமார். செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி வைத்தான், பாவம். அதுவும் மூன்று நாளில் போனது.

ஏழாம் மாதம் வளைகாப்பு. சின்னத்தாய் தோட்டத்துப் பெண்களை வேன் பிடித்துக் கூட்டிவந்தாள். சின்ன வீடு சந்தனமும் மல்லிகையும் எலுமிச்சைச் சோறுமாக மணத்தது; எத்தனையோ வாரத்துக்குப் பிறகு பிரேமலா வேறு வாசனையை மூச்சிழுத்தாள், கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் போட்டு, பெண்ணா பையனா என்று வயிற்றைப் பார்த்துச் சண்டை போட்டார்கள். கடைசியாக வந்தவளைச் சின்னத்தாயே கையைப் பிடித்து அழைத்துவந்து மருமகளுக்கு முன்னால் நிறுத்தினாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இவள் மனசு வைத்ததால்தான் இன்றைக்கு இந்த வீட்டில் வளையல் சத்தம் கேட்கிறது என்றாள்.

திலகா. அரக்கு நிறப் புடவை. கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள்.

அவள் குனிந்து சந்தனத்தைத் தொட்டாள். பிரேமலாவின் கன்னத்தில் அந்த விரல்கள் மெதுவாக, அன்பாகக்கூட, நகர்ந்தன. சுற்றிலும் பெண்களின் பேச்சு. யாருக்கும் கேட்காத குரலில் திலகா சொன்னாள்:

"என் தங்கச்சி புள்ளையோட கொடின்னு அத்தைகிட்ட சொன்னேங்க்கா. எனக்குத் தங்கச்சி கெடையாது."

பிரேமலாவால் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. திலகா ஒவ்வொரு வளையலாக ஏற்றிக்கொண்டே பேசினாள். நீங்கள் போன பிறகு புதிதாக வந்த கிராணி டிராயரைச் சுத்தம் செய்தாள், என் கடிதத்தை என்னிடமே கொடுத்தாள், மடிப்புகூடக் கலையவில்லை என்றாள். அவனுக்கு ஒன்பதாம் நாள் கொடி விழுந்தது, தீப்பெட்டியில் வைத்திருந்தேன், அவன் போன பிறகும் எறிய மனசு வரவில்லை என்றாள். அத்தை லயம் லயமாகக் கேட்டுக்கொண்டு வந்தபோதுதான் எதற்காக வைத்திருந்தேன் என்று தெரிந்தது என்றாள்.

"கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா நான் சாபம் எதுவும் போடல. அவன் எங்கயும் போகலக்கா, எடம் மாறியிருக்கான். பத்தரமாப் பெத்துக் குடுங்க. வந்து எடுத்துக்குறேன்."

கடைசி வளையலையும் ஏற்றி, வயிற்றை ஒரு முறை தடவிக் கொடுத்தாள். உள்ளே இருந்த பிள்ளை அதுவரை அசைந்திராத விதத்தில் அசைந்தது. முழு உடம்போடு அந்தக் கைப்பக்கமாகத் திரும்பியது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

சசிகுமாரிடம் சொல்லலாம். சொன்னால் கடிதத்தையும் சொல்ல வேண்டும். பிரேமலா இரண்டு வாரம் தனக்குத்தானே வக்கீல் வேலை பார்த்தாள்: விழுங்கியது குடலுக்குப் போகும், கருப்பைக்குப் போகாது, ஐந்தாம் பாரத்தில் படம் போட்டுப் பாகம் குறித்திருக்கிறேன், டாக்டர் சொன்னது போல இது யாருக்கும் வரக்கூடியது. வாதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பம்பும் ஓயவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அவள் உறுதியாக இருந்தாள். வயிற்றில் இருப்பது யாராக இருந்தாலும் அது பிழைக்க வேண்டும். குற்றம் அவளுடையது, பிள்ளை என்ன செய்யும்.

பையன் பிறந்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில், பட்டப்பகலில், அழுதுகொண்டு. கொடி மெலிந்து, முறுக்கே இல்லாமல் இருந்தது என்று தாதிகள் பேசிக்கொண்டார்கள். நெஞ்சின் மேல் அவனை வைத்தபோது பிரேமலாவுக்கு இத்தனை மாதப் பயமும் ஒரேயடியாகக் கரைந்தது. சின்ன மூக்கு, புருஷனுடைய அதே காது, விரல் விரலாக நகம். இவன் என் பிள்ளை, வேறு யாருடைய பிள்ளையும் இல்லை என்று வாய்விட்டே சொன்னாள். ஒரு சிறுநீரகத்தோடு நூறு பேர் நடமாடுகிறார்கள், இதயத்து ஓட்டை தானாக மூடிக்கொள்ளலாம், மாதாமாதம் கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லி மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். அவள் உடம்பிலிருந்த வாசனை போயே போய்விட்டது. பக்கத்து வீட்டிலும் சத்தமில்லை.

வீட்டுக்கு வந்து குழந்தையின் உச்சந்தலையில் முத்தமிட்டபோதுதான் வாசனை எங்கே போயிருக்கிறது என்று தெரிந்தது.

ஐந்தாம் நாள் அவன் அவள் மார்பிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். சின்னத்தாய் பூண்டும் மிளகும் சுறாக்கருவாடுமாக ஆக்கிப் போட்டாள். பால் கட்டி வலித்ததே தவிர, அவன் வாய் திறக்கவில்லை. புட்டிப்பால் கொடுத்தால் கடைவாயில் வழிந்தது. கரண்டியில் புகட்டினால் துப்பினான். அழுவதுமில்லை. கண்ணை விழித்துக் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான், யாரோ வர நேரமாகிறது என்பது போல. ஒன்பதாம் நாள் கொடி விழுந்தது. பத்தாம் நாள் வந்த தாதி எடை போட்டுப் பார்த்து முகம் மாறினாள். நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள், சோர்ந்து போனால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்றாள்.

பதினோராம் நாள் காலை கார் கிளம்பவில்லை. சசிகுமார் அரை மணி நேரம் போராடிவிட்டு, நண்பனின் காரை வாங்கி வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளில் ரவாங்குக்குப் பறந்தான். சின்னத்தாய் பத்து ராத்திரி முழித்த அசதியில் பின்னறையில் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். வெயில் ஏறியது. கூடத்தில் பிரேமலாவும் பிள்ளையும் மட்டும்.

அவன் மூச்சு மாறியது.

இழுத்தான். நிறுத்தினான். இழுத்தான். அடுத்த மூச்சுக்கு அவள் எண்ணினாள். நான்கு. அதற்கடுத்ததற்கு ஆறு. உதட்டோரம் நீலமாக ஆரம்பித்தது. அவசர எண்ணுக்கு அழைத்தாள். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, இருபது நிமிடம் என்றார்கள். அத்தை, அத்தை என்று கத்தினாள். பின்னறையில் அசைவில்லை. எட்டு. கை தொய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், பதினொரு நாள் ஓய்ந்திருந்த இரும்பு, மேலும் கீழும் அசைய ஆரம்பித்தது.

அவளுக்குத் தெரியும், யாரை அழைக்க வேண்டும் என்று. ஐந்தாம் நாளிலிருந்தே தெரியும். வளைகாப்பு முடிந்து போகும்போது திலகா அவள் போனை வாங்கித் தன் எண்ணைத் தானே பதிந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.

எண்ணைத் தொட்டாள். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை.

"வந்துட்டேங்க்கா."

குரல் போனிலிருந்து வந்தது. அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தது.

இரும்புச் சத்தம் நின்றது. துருப்பிடித்து ஒட்டிக்கிடந்த பக்கத்து வீட்டுக் கேட் திறந்தது. செருப்புச் சத்தம். நான்கு எட்டு. பிறகு நான்கு எட்டு. பிரேமலா பூட்டாமல் விட்டிருந்த கதவு தானாக நகர்வது போல நகர்ந்தது.

திலகா உள்ளே வந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நீளக் கைச் சட்டை, தலையில் துண்டு. வேலைக்கு வந்தவள் போல இருந்தாள். கூடத்தின் நடுவில், தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் ஈரமாகியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் மார்பில் பால் கட்டியிருந்தது.

"குடுங்க்கா," என்றாள்.

பிரேமலா கொடுத்தாள். யோசிக்கவில்லை. பதினொரு நாளாக யோசித்து முடித்துவிட்டாள்.

திலகா சட்டை பொத்தானை அவிழ்த்து, துணியோடு குழந்தையை மார்பில் அணைத்துக்கொண்டாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு சத்தம் கேட்டது. சப்பி, விழுங்கி, மூச்சிழுத்து, மறுபடி சப்பி. பசித்த பிள்ளையின் சத்தம். நீலம் வடிந்தது. கன்னம் சிவந்தது. தொய்ந்திருந்த கை எழுந்து திலகாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டது. பிரேமலா தரையில் சரிந்து உட்கார்ந்து அழுதாள். பிழைத்துவிட்டான். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடம் சொல்லாததை அப்போது சொன்னாள்.

"அன்னிக்கு எனக்குப் பொறாமை, திலகா. ஒன் வயித்தப் பாத்து. அதனாலதான் லெட்டர உள்ள வச்சேன்."

"தெரியும்க்கா."

"மன்னிச்சிரு."

திலகா நிமிர்ந்து பார்த்தாள். கோபமான முகம் இல்லை. வேலை முடிந்து கை கழுவப் போகிறவளின் முகம்.

"அது எதுக்குக்கா இப்ப," என்றாள்.

வெளியே தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம். பிரேமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பையனைக் கொடு என்றாள். திலகா தடுக்கவில்லை. கைகளை விரித்துக் கொடுத்தாள். பிரேமலா குனிந்து, இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்கினாள்.

வந்தான். ஒரு முழம் வந்தான். அதற்கு மேல் வரவில்லை.

எதுவோ மாட்டியிருக்கிறது என்று நினைத்தாள். துணியில் நூல் சிக்கியிருக்கும். சட்டைப் பொத்தான். ஒரு கையால் துணியை விலக்கினாள்.

அவன் தொப்புளில் காய்ந்த வடு இல்லை.

கொடி இருந்தது. ஈரமாக. வெள்ளையும் நீலமுமாக. விரல் தடிமன். அவன் வயிற்றிலிருந்து இறங்கி, திலகாவின் மடியைத் தாண்டி, அவிழ்ந்த சட்டைக்குள், அவள் வயிற்றுக்குள் போயிருந்தது. துடித்துக்கொண்டிருந்தது. குழந்தையின் நெஞ்சு எப்படித் துடித்ததோ அப்படியே.

பிரேமலா பின்னால் ஓர் எட்டு வைத்தாள். கொடி நீண்டது. இன்னும் ஓர் எட்டு. நீண்டது. சுவர் முதுகில் இடித்தது. அதற்கு மேல் போக இடமில்லை.

"கோகிலா," என்று கூப்பிட்டாள் திலகா, தாலாட்டுகிற குரலில். பதினொரு நாள் வாழ்ந்தவனுக்கு அவள் வைத்த பெயர் கோகிலன்.

பிரேமலாவின் கையிலிருந்த பிள்ளை தலையைத் திருப்பியது. பதினொரு நாள் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. இதற்கு நின்றது.

கொடி மெல்லச் சுருங்க ஆரம்பித்தது.

பிரேமலா இறுக்கிப் பிடித்தாள். அவன் வயிற்றுத் தோல் கூம்பாக எழுந்தது. இழுபட்டது. ஓரத்தில் ஒரு சொட்டு இரத்தம். அவன் முகம் சுருங்கி, வாய் திறந்து, சத்தமே வராமல் அழுதான். பிடித்தால் கிழியும். அவளுக்குத் தெரிந்தது. திலகாவுக்கும் தெரிந்தது. அதனால்தான் அவள் கையைக்கூட நீட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

கேட்டில் கார் நின்றது. சசிகுமார் பிரேமா, பிரேமா என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிவருவது கேட்டது.

அவள் முழந்தாளிட்டுப் பிள்ளையைத் தரையில் கிடத்தினாள். ஒவ்வொரு விரலாக அவன் மேலிருந்து எடுத்தாள்.

வெறும் டைல்ஸ் தரையில், மல்லாந்தபடி, அழுகையை நிறுத்திவிட்டு, அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அவன், கொடி இழுக்க, தலை பின்னால் வர மெதுவாக நகர்ந்து நகர்ந்து திலகாவின் மடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.